கொசுறு: திருப்பூர் மதுக்கூடத்தில் வாடிக்கையின் வரலாறு

1

வாடிக்கை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வழக்கம் என்பது ஒன்று. ஒரே கடையில் தொடர்ந்து வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையே உண்டாகிற உறவு இன்னொன்று. பழக்கம் என்ற சொல்லும் இப்படித்தான். ‘அவரு நமக்குப் பழக்கம்’ என்றால் தெரிந்தவர். ‘அவருக்குப் பழக்கம் உண்டு’ என்றால் குடிக்கிறவர். பாரில் வேலை செய்கிறவனிடம் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவனுக்குப் பழக்கமானவர்கள் எல்லாம் பழக்கம் உள்ளவர்கள்.

மதுவைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டு சொல்லாடல்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒழுக்கம் பற்றியது ஒன்று, வருவாய் பற்றியது மற்றது. இரண்டிலும் குடிக்கிறவன் வருகிறான், அவன் குடும்பம் வருகிறது, அரசு வருகிறது. தண்ணீரும் கிளாஸும் கொண்டுவந்து வைத்து, மேசையைத் துடைத்து, ‘வாங்ணா, நேத்து ஆளையே காணோம்’ என்று கேட்கிறவன் எங்கும் வருவதில்லை. 2009 முதல் 2012 வரை திருப்பூரில் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு டாஸ்மாக் பாரில் நான் அந்த வேலையைச் செய்தேன். அதை வைத்து ஒரு சுயசரிதை எழுதுவது என் நோக்கமில்லை. ஒரு கேள்வியைக் கேட்டு அதன் பின்னால் கொஞ்சம் பழைய காலத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்: வாடிக்கைக்காரருக்கு ஒரு கடை காட்டுகிற மரியாதை யார் மடியிலிருந்து போகிறது?

இந்த மரியாதைக்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் உண்டு. கொசுறு. காய்கறி வாங்கி முடித்தபின் கேட்காமலே கையில் வைக்கிற கறிவேப்பிலை, கொத்தமல்லி. விலைக்குள் அடங்காதது, ஆனால் வியாபாரத்துக்கு வெளியேயும் நிற்காதது. கொடுப்பதும் வாங்குவதும் திருப்பித் தருவதும் ஒரு கட்டாயமாகச் செயல்படுவதை மார்செல் மாஸ் 1925இல் வெளிவந்த தன் கட்டுரையில் கொடை என்பதன் இலக்கணமாக விளக்கினார். கறிவேப்பிலைக் கொத்தும் நாளைக்கும் இதே கடைக்கு வரச்சொல்கிற கொடைதான். கொசுறின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் மதுவின் வரலாற்றில் வேறொரு பக்கம் தெரிகிறது.

2

கள்ளில் தொடங்கலாம். காலனிய அரசு மதுவை ஒரு வருவாய்த் துறையாக ஒழுங்கு செய்தபோது உருவானது ஆப்காரி முறை. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் அதற்கு முழு வடிவம் கொடுத்தது. மரத்துக்கு எண் போட்டு மரவரி, கடைக்கு ஏலம். அதிகம் கேட்டவருக்குக் கடை. ஏலத்தொகையை வருஷத்துக்குள் எடுத்தாக வேண்டிய நெருக்கடி கடைக்காரருக்கு.

இதில் கள்ளின் இயல்பு ஒன்று முக்கியமானது. கள் நிற்காது. இறக்கிய கள் நேரம் ஆக ஆகப் புளிக்கும், மறுநாளைக்கு வைத்திருந்து நல்ல விலைக்கு விற்க முடியாது. சரக்கு கெட்டுப்போகிற வியாபாரத்தில் தினமும் வருகிற ஆள் இல்லாமல் கடை நடக்காது. எனவே கள்ளுக்கடைக்காரருக்கு வாடிக்கைக்காரர் தேவை. வாடிக்கைக்காரருக்குக் கடைக்காரர் தேவைப்படுவதைவிடச் சில சமயம் அதிகமாகவே தேவை. அளந்ததற்கு மேல் ஒரு வாய் ஊற்றுவதும், கையில் காசில்லாத நாளில் கணக்கில் எழுதிக்கொள்வதும் இந்தத் தேவையிலிருந்து வந்தவை. தாராள மனசு என்று அதைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் சாயங்காலம் பானையில் மிஞ்சுவது எப்படியும் வீண்தான் என்பதும் அந்தத் தாராளத்துக்குள் இருக்கிறது. 1981க்குப் பிறகு சில வருஷம் கள்ளுக்கடை திறந்திருந்த காலத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது சரக்கின் ருசியைவிடக் கடைக்காரரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். யாருக்கு எழுதிக்கொள்வார், யாரைப் போகச் சொல்வார், யாருக்குச் சுண்டல் சும்மா வைப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இங்கே கவனிக்க வேண்டியது, கொசுறு கடைக்காரரின் சரக்கிலிருந்து போனது. கொடுக்கிற அதிகாரம் அவரிடம் இருந்தது. கொடுத்ததன் நஷ்டமும் அவருடையது.

வாடிக்கையின் இந்தப் பலத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் கள்ளுக்கடை மறியல்காரர்கள். 1921இல் ஈரோட்டில் பெரியார் நடத்திய மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். மறியல் என்பது கடையை உடைப்பதில்லை. கடைவாசலில் நின்று, வருகிறவனை முகம் பார்த்து, போகாதே என்று கேட்டுக்கொள்வது. கேட்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், பெண்கள். கடைக்காரரின் பழக்கத்துக்கு எதிராக வாசலில் இன்னொரு பழக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசியல் மேடையில் சொல்லப்படும் வரலாற்றில் தியாகமாக மட்டும் பதிவாகியிருக்கிற இந்தச் செயல், நுண்தளத்தில் பார்த்தால் கொசுறின் மீது தொடுத்த போராட்டம்.

3

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மதுவருவாய் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. சாதாரணமாக இதை நிதி நிர்வாக நடவடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். என்னுடைய கேள்விக்கு இது பெரிய விஷயம். அரசின் வாடிக்கையாளர் குடிப்பவரிலிருந்து கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற ஒவ்வொருவராக மாறினார். பிற்பாடு மது திரும்பி வந்தபோது விற்பனை வரி போகவில்லை. இரண்டு வாடிக்கையும் அரசிடமே தங்கிவிட்டன.

1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அதன்பின் 1971இல் தளர்வு, 1974க்குள் மறுபடி விலக்கு, 1981இல் கள்ளும் சாராயமும் திறப்பு, 1983இல் மொத்த வியாபாரத்துக்கென டாஸ்மாக் நிறுவனம், 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் மூடல், 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதுவும் நிறுத்தம். இந்த ஏற்ற இறக்கங்களைக் கட்சிகளின் கதையாக எல்லோரும் சொல்லியாயிற்று. நான் பார்க்கிற கோணத்தில் நடந்தது ஒன்றுதான்: புளிக்கிற சரக்கு போய், புட்டியில் அடைத்த சரக்கு நிலைத்தது. புட்டி கெடாது. இன்று விற்காவிட்டால் நாளைக்கு விற்கும். நாளைக்கு இவன் வராவிட்டால் இன்னொருத்தன் வருவான். வாடிக்கைக்காரரை இழந்துவிடுவோமோ என்ற பயம் விற்கிறவரிடமிருந்து கழன்றுபோனது.

என்றாலும் 2003 வரை சில்லறைக் கடை தனியாரிடம் இருந்தது. ஏலம் எடுத்தவர் தன் கடையில் தனக்கு வேண்டியவருக்குக் கடன் கொடுக்கலாம், விலையில் இரண்டு ரூபாய் விடலாம். கொசுறுக்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

4

2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் மதுவால் அரசுக்கு வந்தது சுமார் 3,600 கோடி ரூபாய். 2023–24இல் 45,000 கோடிக்கு மேல். விலை உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய வளர்ச்சி. வாடிக்கைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்த வளர்ச்சி.

டாஸ்மாக் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். கம்பி வலை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. காசு உள்ளே போகும், பாட்டில் வெளியே வரும். உள்ளே இருக்கும் சூப்பர்வைசரும் விற்பனையாளரும் தொகுப்பூதியத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். விலை அச்சடித்தது. கடன் கிடையாது. குறைக்க அதிகாரம் கிடையாது. ஆனால் கூட்ட மட்டும் எப்படியோ முடிகிறது. அச்சடித்த விலைக்கு மேல் பாட்டிலுக்கு அஞ்சு, பத்து என்று வாங்கப்படுவது தமிழ்நாட்டில் குடிக்கிற எல்லோருக்கும் தெரியும், குடிக்காதவர்களுக்கும் தெரியும். கொசுறு இப்படித் திசை மாறியது. முன்பு விற்கிறவர் வாங்குகிறவருக்குக் கொடுத்தார். இப்போது வாங்குகிறவர் விற்கிற இடத்துக்குக் கொடுக்கிறார், அதுவும் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இனி கடையோடு ஒட்டிய பார். சட்டப்படி பார் ஏலம் எடுத்தவர் மது விற்க முடியாது. நான் வேலை செய்த காலத்தில் அவருக்குத் தரப்பட்ட உரிமை தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில்களைச் சேகரித்துக்கொள்வதும். குடிக்கிறவர் கவுண்டரில் வாங்கி, எடுத்துக்கொண்டு வந்து, பாரில் உட்கார வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. 1865இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் சாராயக் கடைகளை ஒரே நிறுவனத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். கடை நடத்துகிறவருக்கு மது விற்பனையில் லாபம் கிடையாது, சாப்பாட்டில்தான் லாபம். குடிக்கச்சொல்லித் தூண்டுவதற்கு அவருக்குக் காரணம் இருக்கக்கூடாது என்பது நோக்கம். நம்மூர் விதியும் எழுத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் பார்க்காரர் காலி பாட்டிலிலும் சைடு டிஷ்ஷிலும் தன் ஏலத்தொகையை எடுக்க வேண்டியிருந்தது. காலி பாட்டில் வர வேண்டுமானால் முழு பாட்டில் தீர வேண்டும். குடியைக் குறைப்பதற்காக அங்கே பிரித்தார்கள். இங்கே அதே பிரிவினை குடியை வேகப்படுத்தும் யந்திரமாக ஆகியிருக்கிறது.

இந்த அமைப்பில் பாரில் நிற்கிற பையனின் இடம் விசித்திரமானது. எதிரே உட்கார்ந்திருப்பவர் சட்டப்படி அவனுடைய வாடிக்கையாளரே கிடையாது. அரசின் வாடிக்கையாளர். ஆனால் அரசு அவரிடம் பேசுவதில்லை. பேசுகிற வேலை, பெயர் தெரிந்துவைத்துக்கொள்கிற வேலை, நாளைக்கும் வரவைக்கிற வேலை எல்லாம் இவன் தலையில். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பு என்று ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். புன்னகையும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என்பது அதன் சாரம். அந்தப் பெண்களின் புன்னகைக்குக் கம்பெனி பயிற்சி கொடுத்தது, சம்பளமும் கொடுத்தது. எனக்குக் கிடைத்தது நாளுக்கு 150 ரூபாயும் சாப்பாடும். மிச்சம் டிப்ஸ். அதாவது நான் காட்டுகிற மரியாதைக்கு யாரிடம் காட்டுகிறேனோ அவரே கூலி தர வேண்டும்.

5

திருப்பூரில் இது ஏன் இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்றால், இந்த ஊர் வேலை நடக்கும் முறைதான் காரணம். 1920களில் ஒன்றிரண்டு கைப்பின்னல் யந்திரங்களோடு ஆரம்பித்த பனியன் தொழில், 1970களின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் பிடித்து, 1980களின் நடுவில் ஏற்றுமதி ஊராக மாறியது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதை ஒட்டிய வருஷங்களில் முதலாளிகள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வெளியே கொடுக்கும் கான்ட்ராக்ட் முறை வலுத்தது. கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், செக்கிங் ஒரு இடம். தையல்காரரின் முதலாளி யார் என்று கேட்டால் கான்ட்ராக்டர் பெயரைச் சொல்வார். அடுத்த மாசம் கேட்டால் வேறு பெயர் சொல்வார். கொங்குப் பகுதியில் தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் ‘நானும் உழைச்சு வந்தவன்’ என்பதையே மூலதனமாக மாற்றிக்கொண்டதை ஷரத் சாரி 2004இல் வெளியான தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். ‘அண்ணா’ என்று முதலாளியைக் கூப்பிடுகிற ஊர் இது. ஆனால் அந்த அண்ணா திரும்பி நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் கம்பெனியில் நாம் அவ்வளவு நாள் இருப்பதில்லை.

பாரில் அப்படி இல்லை. தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து, லைன் வீட்டில் நாலு பேராகத் தங்கியிருக்கும் ஒரு ஓவர்லாக் டைலர் வருஷத்தில் மூன்று கம்பெனி மாறுவார், ஆனால் அதே பாருக்கு வருவார். ‘கம்பெனிக்கு நான் ஒரு பீஸ் கணக்கு, உனக்குத்தான் நான் ஆளு’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சும்மா போதையில் சொன்னார் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் செய்தது என்ன? எழுதினால் சின்ன விஷயங்களாகத்தான் தெரியும். சுவரோரத்து மேசையைப் பிடித்துவைப்பது. ஐஸ் தண்ணீர் பிடிக்காதவருக்குச் சாதாரணத் தண்ணீர். கலக்கி கேட்கிறவருக்கு மிளகு தூக்கலாக. சுண்டலில் ஒரு கரண்டி அதிகம் (மாஸ்டர் பார்க்காதபோது). இன்னொன்று கட்டிங். 180 மில்லி குவாட்டரை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பங்குபோட்டு வாங்குவதுதான் கட்டிங். பனியன் கம்பெனிக் கட்டிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பாதிக்குத்தான் காசிருக்கிற ஒருவருக்கு மீதிப் பாதிக்கு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். யாரை யாரோடு உட்கார வைத்தால் சண்டை வராது, யார் பேசாமல் குடிப்பார், யார் மூன்றாவது வாயிலேயே அழுவார் என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

சனிக்கிழமையன்று இந்த அறிவெல்லாம் பரீட்சைக்கு வரும். திருப்பூரில் வாரச் சம்பளம் சனி ராத்திரி. ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் முடிந்து எட்டரைக்குக் கம்பெனி விடும். கான்ட்ராக்டர் கணக்குப் பார்த்துக் கவர் கொடுக்க ஒன்பதாகிவிடும். பத்து மணிக்குக் கடை சாத்திவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வாரத்தின் தாகம் முழுக்க அந்தக் கம்பி ஓட்டையின் முன்னால் வந்து முட்டும். வாடிக்கைக்காரர் அந்த வரிசையில் நிற்கக்கூடாது. அதுதான் நாங்கள் அவருக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை. ஆறு மணிக்கே அவர் குடிக்கிற பிராண்டை வாங்கித் தனியாக எடுத்துவைத்திருப்போம்.

எந்தக் காசில்? எங்கள் காசில்.

6

கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கள்ளுக்கடைக்காரர் எழுதிய பற்றுக் கணக்கு 2003இல் செத்துப்போகவில்லை. அரசு கடன் கொடுக்காது, பார் ஏலதாரர் கொடுக்கமாட்டார். ஆனால் வியாழன் வெள்ளியில் கையில் காசில்லாத தொழிலாளி வந்து நிற்கிறார். பார்ப்பையன் தன் டிப்ஸ் காசை எடுத்துக் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டி, பாட்டிலை வாங்கி வந்து அவர் முன்னால் வைக்கிறான். சனிக்கிழமை திரும்ப வரும். வரும்போது அஞ்சோ பத்தோ சேர்ந்து வரும். மளிகைக் கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதி மாட்டியிருப்பார்கள். எங்களிடம் அன்பே கடன் வழியாகத்தான் போய்வந்தது. ஒரு கோடு போட்ட நோட்டு, அதில் பெயர்களாக இல்லாமல் அடையாளங்கள்: ‘காலர் அண்ணன்’, ‘தாராபுரத்தார்’, ‘பச்சை வண்டி’.

அரசின் கருவூலத்துக்கு ஒரு பைசா நிலுவை இல்லாமல் வியாழக்கிழமையும் விற்பனை நடப்பதற்கு, இந்தச் சங்கிலியிலேயே குறைந்த கூலி வாங்குகிறவன் கடன்காரருக்குக் கடன் கொடுக்கிறான். ஏலதாரரின் காலி பாட்டில் வருவதும் அவன் காசில்தான். கொசுறு கடைக்காரரின் பானையிலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் வேலைக்காரனின் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

2011 ஜனவரி கடைசியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூற்றுச் சொச்சம் பட்டறைகள் நின்றன. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளும் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயமானது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் பாரில் நடந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. சாயத்தில் வேலை செய்கிறவர்களை விரல் நகத்தை வைத்தே சொல்லிவிடலாம், நகக்கண்ணில் நிறம் போகாது. அந்தக் கைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துணி சாயமேறி வராததால் தையலும் தள்ளாட, டைலர்களும் ஊருக்குப் போனார்கள். சிலர் போகும்போது வந்து கணக்கை முடித்தார்கள். ஒருவர் தன் செல்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் அப்படியே போய்விட்டார்கள். எங்கள் நோட்டில் அவர்கள் பெயர் அடிக்கப்படாமல் நின்றது. ஒரு தொழில் நெருக்கடியின் ஒரு துளி நஷ்டம் எட்டுப் பார்ப்பையன்களுக்கிடையே இப்படிப் பங்கு பிரிந்தது. அப்போது நாங்கள் யாரையும் திட்டவில்லை. யாரும் வராத மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை உட்கார்வதற்கு முன்பே சம்பளக் கவரை எங்கள் கையில் கொடுத்து ‘இதுல முந்நூறு எடுத்துக்க, மீதிய நான் கேட்டாலும் குடுக்காதே’ என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். கேட்பார்கள். கொடுக்கமாட்டோம். ‘போதுங்ணா, வண்டிச் சாவியக் குடுங்க, காலைல வந்து எடுத்துக்கங்க’ என்று சொல்கிற ஒரு பார்ப்பையன், ஏலதாரருக்கும் அரசுக்கும் எதிராக வேலை செய்கிறான். வாடிக்கைக்கு அவன் காட்டும் உச்சபட்ச மரியாதை விற்காமல் இருப்பதுதான். இங்கிலாந்தில் மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுப்பதை 1883இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கூலிக்கும் குடிக்கும் நடுவே அரசு சுவர் எழுப்பியது. இங்கே அந்தச் சுவர் சில ராத்திரிகளில் பத்தொன்பது வயசுப் பையனின் உள்ளங்கை அளவுக்கே இருந்தது.

7

இந்த மரியாதையைப் புகழ்ந்துவிட்டுக் கட்டுரையை முடிக்க எனக்கு உடன்பாடில்லை. அதற்கு எல்லைகள் இருந்தன.

கொங்குக் கிராமங்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததைப் பல இயக்கங்கள் ஆதாரத்தோடு வெளிக்கொண்டுவந்தன. அதே பகுதியிலிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் திருப்பூருக்கு வேலைக்கு வரும் அருந்ததிய இளைஞர் பாரில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் வைக்கிற பிளாஸ்டிக் டம்ளர்தான் அவருக்கும். ஒருமுறை குடித்தவுடன் கசக்கி எறிகிற டம்ளரில் சாதி ஒட்டாது. ‘அண்ணா’வும் அவருக்கு உண்டு. ஊரில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது காசு கொடுத்து, குடித்து, ராத்திரி பத்து மணிவரை மட்டும் கிடைக்கிற சமத்துவம். கட்டிங் பங்குக்கு ஆள் பிடிக்கும்போது ‘அவரு எந்த ஊரு?’ என்று கேட்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பதில் சொல்லாமல் வேறு ஆளைக் கூட்டிவருவோம்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த அண்ணாகூடக் கிடைக்கவில்லை. எத்தனை மாசம் தொடர்ந்து வந்தாலும் அவர்கள் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நோட்டில் கணக்கும் கிடையாது, ரொக்கம்தான். வாடிக்கை என்பது வரவின் எண்ணிக்கையால் மட்டும் உண்டாவதில்லை, மொழியாலும் உண்டாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்கள். திருப்பூரில் பெண்ணும் அதே சனிக்கிழமை கவர் வாங்குகிறாள். அவள் வாடிக்கை வைத்திருப்பது மளிகைக் கடையில். அங்கே பற்று நோட்டு உண்டு, கொசுறு உண்டு. டாஸ்மாக்குக்கு ஆண் ரொக்கம் கட்டுகிறான். அரிசிக்கும் எண்ணெய்க்கும் பெண் கடன் சொல்கிறாள். அரசு ரொக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்வதால், கடன் என்கிற பாரம் முழுக்க வீட்டுப் பக்கம் தள்ளப்படுகிறது. பாரில் நான் காட்டிய மரியாதைக்கு இன்னொரு கடையில் ஒரு பெண் தலைகுனிந்து நின்றிருக்கிறாள் என்பதை இந்தக் கணக்கிலிருந்து விலக்கவே முடியாது.

அவள் தலை நிமிர்ந்து நின்ற ஒரு நாளும் இந்த மாவட்டத்தில்தான் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2017 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்ததும், சாலையோரக் கடைகளைக் குடியிருப்புகளுக்குள் நகர்த்தப் பார்த்தார்கள். ஏப்ரல் 11 அன்று சாமளாபுரத்தில் மக்கள் மறித்தார்கள், பெண்கள் முன்னால் நின்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு உயர் அதிகாரி ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்த காட்சியை ஊரே பார்த்தது. 1921இல் ஈரோட்டில் வாசலில் நின்ற பெண்களுக்கு எதிரே ஏலம் எடுத்த ஒரு கடைக்காரர் இருந்தார், அவரோடு பேச முடிந்தது. சாமளாபுரத்தில் எதிரே கடைக்காரராக நின்றது அரசு. அதன் பதில் கையால் வந்தது.

8

2023 ஜூன் 22 அன்று தமிழக அரசு 500 கடைகளை மூடியது. கடை ஊழியர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது, எழ வேண்டியதுதான். ஒட்டியிருந்த பார்களில் வேலை செய்தவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் டாஸ்மாக் ஊழியர் பட்டியலிலும் இல்லை, பனியன் தொழிற்சங்கங்களின் உறுப்பினர் ஏட்டிலும் இல்லை. பலர் பனியன் வேலைக்கென்று ஊரிலிருந்து வந்து, வழி தவறி இங்கே நின்றவர்கள்.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று இந்தக் கட்டுரையில் நான் வாதாடவில்லை. அதைப் பேசுகிற நண்பர்களிடம் விவாதத்துக்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். குடிக்கிற தொழிலாளி அங்கே போவது சரக்குக்காக மட்டும் என்று எடுத்துக்கொண்டால் நாம் தோற்போம். பன்னிரண்டு மணி நேரம் பீஸ் கணக்காக இருந்துவிட்டு வருகிறவருக்கு, நேற்று வராததைக் கவனித்துக் கேட்கிற ஒரு ஆள் தேவைப்படுகிறது. சங்கம் அந்த வேலையை ஒருகாலத்தில் செய்தது. 127 நாள் கூலியில்லாமல் ஒரு ஊர் நின்றது என்றால், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்றுதான் அர்த்தம். கான்ட்ராக்ட் முறை அந்தத் தெரிந்துவைத்தலை உடைத்தது. உடைந்த இடத்தில் பார் வந்து உட்கார்ந்தது, அதன் செலவைப் பார்ப்பையன் ஏற்றுக்கொண்டான்.

தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் ஆலை வாசலையும் சங்க அலுவலகத்தையும் கோர்ட்டுத் தீர்ப்பையும் புரட்டுகிறார்கள். சிவப்பு மையில் அடிக்கப்பட்டும் அடிக்கப்படாமலும் கிடக்கிற அந்தக் கோடு போட்ட நோட்டுகளையும் யாராவது தேடிச் சேகரித்தால் நல்லது. எந்த வாரம் எந்தக் கம்பெனி கூலி போடவில்லை, எந்த மாசம் எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் திருப்பூரில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன், அதில் உள்ள அடையாளங்களை மட்டும் மறைத்து.